முட்டைக்கார இன்ஸ்பெக்டரின் ஆறாவது கேஸ்

கருமாதி முடிந்த மறுவாரம் புத்தகம் வந்தது. உத்திரமேரூர் யூனியன் ஆபீசில் வேதகிரியின் மேசைமேல் தபால்காரர் பஞ்சாட்சரம் அதை வைத்துவிட்டு, "மெட்ராஸ் பார்சல், குமாஸ்தா சார். செங்கல்லு கணக்கா கீது" என்றார். வேதகிரி கையெழுத்துப் போட்டான். மனைவி மலர்க்கொடி முழுகாமல் இருந்தபோது கடைக்கு எழுதிப் போட்டது. எழுதியதையே மறந்திருந்தான். கடைக்காரன் மறக்கவில்லை.

சணலை அறுத்துக் காகிதத்தைப் பிரித்தான். தடித்த இங்கிலீஷ் நாவல். அட்டையில் ஒரு வெள்ளைக்காரி கட்டிலில் கிடந்தாள். ஒரு கை கீழே தொங்கியது. கட்டிலுக்குப் பக்கத்தில் குட்டி மேசை, அதன்மேல் பழுப்புநிற பாட்டில். இன்ஸ்பெக்டர் டன்ஸ்கோம்பின் ஆறாவது கேஸ் அது. முதல் ஐந்தும் திருப்புலிவனம் காலனியில், அவன் வீட்டுப் பரண்மேல் இருந்தன.

அந்த ஐந்தையும் மலர்க்கொடி கேட்டிருக்கிறாள். நாலாவது வரை படித்தவள் அவள். இங்கிலீஷில் ஒரு எழுத்து தெரியாது. சாயங்காலம் அவன் ஆபீஸ் விட்டு வந்ததும் முறத்தில் அரிசியைக் கொட்டிக்கொண்டு எதிரில் உட்காருவாள். அவள் கல் பொறுக்குவாள். அவன் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொல்லுவான். டன்ஸ்கோம்ப் என்ற பெயர் அவள் வாயில் நுழையவில்லை. அந்த ஆள் எந்நேரமும் கோட்டுப் பையில் அவித்த முட்டை வைத்துக்கொண்டு தோலுரித்துத் தின்பார் என்பதால் முட்டைக்காரரு என்று பெயர் வைத்துவிட்டாள்.

கொலையைச் செய்தது யார் என்பதில் அவளுக்கு அவ்வளவு அக்கறை இல்லை. மூன்றாவது புத்தகத்தில் இன்ஸ்பெக்டரின் மனைவி ஒரு பெட்டியும் ஒரு குடையுமாக வீட்டைவிட்டுப் போய்விட்டாள். அதிலிருந்து புதுப் புத்தகம் எடுக்கும்போதெல்லாம் முதல் கேள்வி அதுதான்.

"அந்தம்மா திரும்பி வந்துச்சா?"

"இன்னும் இல்ல."

"பொண்டாட்டி எங்க கீறான்னு தெரியல, ஊரான் வூட்டு சாவ கண்டுபுடிச்சிக்கினு கீறாரு" என்பாள்.

ஒருமுறை சலிப்பூட்டும் அத்தியாயம் ஒன்றைச் சொல்லாமல் தாண்டிப் பார்த்தான். அவள் கை முறத்திலேயே நின்றுவிட்டது. "நடுவுல இன்னாத்தியோ முழுங்கிட்டே நீ. கக்கு" என்றாள். கக்க வேண்டியதாயிற்று.

தலைப்பிரசவத்துக்குப் பெருநகரில் அம்மா வீட்டுக்குப் போனாள். பெண் குழந்தை பிறந்தது. வேதகிரி போய்ப் பார்த்தான். மருந்துக்கடையில் உடம்பு தேறுவதற்கென்று கேட்டு ஒரு டானிக் பாட்டில் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தான். அதற்கப்புறம் ஜுரம் கண்டது. ஆள் வந்து சொன்னதும் ஓடினான். மாட்டுவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே இடமில்லை என்று வராந்தாவில் படுக்க வைக்கச் சொன்னார்கள். டாக்டர் வந்தார். தொடவில்லை. நின்ற இடத்திலிருந்தே எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டார். ஊசி போடச் சொல்லிவிட்டுப் போனார். ஊசி வரவில்லை. மறுபடி அவர் வந்தபோது அவள் செத்திருந்தாள்.

"என்ன காரணம், சார்?" என்று வேதகிரி கேட்டான்.

"ஜுரம்" என்றார் டாக்டர். சீட்டில் எழுதிக்கொண்டே தலையைத் தூக்காமல், "படிச்சவன் மாதிரி இருக்கே. இவ்வளவு லேட்டாவா கொண்டு வர்றது?" என்றார்.

அவ்வளவுதான். வேறு யாரும் எதையும் கேட்கவில்லை.

பறை அடித்தார்கள், பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். வேதகிரி ஆபீசில் அதிகாரி முன்னால் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. வரவும் இல்லை. அதைப் பெருநகர் சேரி முழுக்கப் பார்த்தது.

குழந்தை பெருநகரிலேயே இருந்தது. பக்கத்து வீட்டில் பால் கொடுக்க யாரும் இல்லை. மாமியார் சிட்டம்மாள் ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து துணித்திரியில் நனைத்துச் சப்பக் கொடுத்தாள். குழந்தை நாளுக்கு நாள் சுருங்கியது. திருப்புலிவனத்தில் வேதகிரியின் அக்கா ஜெயம்மாவுக்குக் கைப்பிள்ளை உண்டு. "எனக்கு ஊர்ற பாலு ரெண்டுக்கும் போதும். கொயந்தைய இட்னு வாடா. ஆட்டுப்பாலுல அது தங்காது" என்று தினமும் சொன்னாள். அவன் ஞாயிற்றுக்கிழமை பெருநகர் பஸ் ஏறினான். கையில் புத்தகம் இருந்தது. வெறும் கையோடு பஸ்ஸில் உட்கார முடியவில்லை. படித்தால் கண்ணுக்கு ஒரு வேலை.

அங்கேதான் தப்பு நடந்தது. மச்சான் மாசி வாசலில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தான். எழுந்து வந்து அட்டையைப் பார்த்தான்.

"இன்னா மாமா இது?"

"கதைப் புஸ்தகம்."

"செத்துக் கெடக்கறது யாரு?"

"கதையில வர்றவ. வாத்தியார் ஒருத்தரோட பொண்டாட்டி."

"பக்கத்துல இன்னா பாட்டிலு?"

"டானிக்" என்றான் வேதகிரி.

மாசி உள்ளே போனான். வரும்போது அவன் கையில் மலர்க்கொடிக்கு வாங்கிக் கொடுத்த பாட்டில் இருந்தது. பாதி மருந்து அப்படியே நின்றது. அதே பழுப்பு நிறம். அட்டைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான். அப்புறம் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினான்:

"யோவ், எங்கக்கா செத்து மண்ணு காயல. நீ பொம்பளய கொல்ற பொஸ்தகத்த படிச்சிக்கினு வர்றே! அதான் கண்ணுல தண்ணி வரலியா ஒனக்கு?"

சிட்டம்மாள் குழந்தையோடு உள்ளேயிருந்து வந்தாள். மருமகனைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள். "கத்தாதடா. நாட்டாமைய கூப்புடு. கேக்கட்டும்" என்றாள்.

கங்கையம்மன் கோயில் வாசலில், வேப்பமரத்தடியில் பஞ்சாயத்து கூடியது. நாட்டாமை முனியன் துண்டை விரித்து உட்கார்ந்தார். போலீசுக்குப் போகலாம் என்று யாரோ சொன்னதற்கு, "போலீசு சேரிக்கு வந்தா நம்மளத்தான் இஸ்துகினு போவான். சொம்மா குந்து" என்று அடக்கினார். பிறகு வேதகிரியிடம் திரும்பினார்.

"ஒம்மேல யாரும் பழி போடல, மாப்ளே. இந்த பொஸ்தகத்துல இன்னா எழுதிகீதுன்னு சொல்லு. அத்தப் பாத்து நீ எதுனா செஞ்சியான்னு நாங்க தெரிஞ்சிக்கறோம். அதுவரிக்கும் கொயந்தை இங்கியே கெடக்கட்டும்."

"புஸ்தகம் அவ செத்த பிறகுதான் வந்தது. அதோட, இது கற்பனைக் கதை" என்றான் வேதகிரி.

"இதேமாதிரி அஞ்சு வச்சிகீறான். அக்காவே சொல்லிச்சி" என்று மாசி குறுக்கிட்டான்.

"கற்பனைன்னா பொய்யிதானே? பொய்ய எவன்யா இம்மாம் கனமா அச்சடிப்பான்?" என்றாள் செல்லாயி கிழவி. கூட்டம் ஆமாம் என்றது.

பி.ஏ. பட்டம் வாங்கியவன் புத்தகத்தை ஒரு தடவை கையில் தூக்கிப் பார்த்தான். சிட்டம்மாளின் தோளில் குழந்தை முனகிக்கொண்டிருந்தது. அழுகை என்று சொல்கிற அளவுக்கு அதில் சத்தம் இல்லை. "சரி, சொல்றேன். இன்னும் முழுசாப் படிக்கல. படிச்ச வரைக்கும் சொல்றேன்" என்றான்.

தட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். உள்ளதை உள்ளபடி சொல்வதாக உள்ளங்கையால் நெருப்பை அடித்து அணைத்தான். அணைத்த பிறகும் கையை எடுக்கத் தோன்றவில்லை. நாட்டாமைதான் பிடித்து எடுத்துவிட்டார்.

பொய் சொன்னால் பிடிப்பதற்கு ஏசுதாஸைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ஏசுதாஸ் மிலிட்டரியில் வெள்ளைக்கார மேஜருக்குச் சமைத்துப் போட்டவர். ஊரில் இங்கிலீஷுக்கு அவர்தான் அத்தாட்சி. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேதகிரியின் விரல் போகும் வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேதகிரி சொன்னான். ஒரு சின்ன ஊர். பள்ளிக்கூட வாத்தியார். அவர் மனைவி எடித் ஒருநாள் காலையில் படுக்கையில் செத்துக் கிடக்கிறாள். ஊர் டாக்டர் இருதயக்கோளாறு என்கிறார். புதைத்துவிடுகிறார்கள். யாரோ ஒரு மொட்டைக்கடிதம் போடுகிறார்கள். டன்ஸ்கோம்ப் வருகிறார், பையில் முட்டையோடு.

"பாய்ல்டு எக்கு. கரெக்ட்" என்றார் ஏசுதாஸ்.

"சவத்தைத் தோண்டி எடுக்கறாங்க."

"ஐயய்யோ, எதுக்கு?"

"எப்படிச் செத்தாங்கன்னு பார்க்க. பெரிய டாக்டர் ஒருத்தர் லண்டன்லேருந்து வந்து வயித்த அறுத்துப் பார்க்கறார். அப்புறம் விசாரணை. அதுக்கு ஒரு அதிகாரி, கேட்டு முடிவு சொல்ல ஊர்க்காரங்க, எழுதிக்க ஒருத்தர். கடைக்காரன், பால்காரன், வேலைக்காரி எல்லாரையும் கூப்பிட்டுக் கேக்கறாங்க. அன்னிக்கு என்ன சாப்பிட்டாங்க, யார் வந்தாங்க, விளக்கு எரிஞ்சுதான்னு."

கூட்டம் வாயைப் பிளந்து கேட்டது. செல்லாயி கிழவி பாக்கு இடிப்பதை நிறுத்தினாள்.

"அந்தம்மா ஜமீன்தாரிணியா?"

"இல்ல. வாத்தியார் பொண்டாட்டி."

"ராணிக்கு சொந்தமா?"

"இல்ல."

"அப்ப இன்னாத்துக்கு ஒரு சாவுக்கு இம்மாம் பேரு?"

அவன் பக்கத்தைத் திருப்பினான். ஏசுதாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொஞ்சம் கழித்து சிட்டம்மாள்தான், யாரையும் பார்க்காமல், "மேல சொல்லு" என்றாள்.

வாத்தியார் சவ அடக்கத்தில் அழவில்லை என்று வந்த இடத்தை அவன் முழுங்கவில்லை. சொல்லிவிட்டான். எல்லாரும் அவனையே பார்த்தார்கள். மாசி பல்லைக் கடித்தான். "ஆனா, அழாததெல்லாம் சாட்சி ஆகாதுன்னு இன்ஸ்பெக்டர் சொல்றார்" என்று அடுத்த வரியையும் சொன்னான். அது அச்சில் இருந்தது. அவனாகச் சேர்த்ததல்ல.

"முட்டைக்காரரு ஞாயஸ்தன்" என்றார் நாட்டாமை. படித்த பகுதி அதோடு முடிந்தது. மீதியை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லச் சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தார். போகும்போதே சண்டை ஆரம்பித்துவிட்டது. டாக்டர்தான் என்றது ஒரு கட்சி. வேலைக்காரி என்றது இன்னொன்று. வாத்தியார்தான் என்று மாசி ஒற்றை ஆளாக நின்றான்.

அந்த வாரம் வேதகிரி பஸ்ஸில் படித்தான், ஆபீசில் சாப்பாட்டு வேளையில் படித்தான். டாக்டராக இருக்க வேண்டும் என்று அவன் விரும்பினான். கதையும் அப்படித்தான் போயிற்று. டாக்டர் குடிகாரன். கடன்காரன். செத்தவளை ஒழுங்காகப் பார்க்காமலே சீட்டு எழுதிக் கொடுத்தவன். அந்த அத்தியாயத்தை வேதகிரி இரண்டு தடவை படித்தான். தன்னுடைய டாக்டரை யாரோ கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்பதுபோல இருந்தது. வேகமாகப் படிக்காமல் ஒவ்வொரு கேள்வியாக மென்று படித்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முடிவு வந்தது. டாக்டர் சோம்பேறி, அவ்வளவுதான். கொலைகாரன் இல்லை. விஷத்தைக் கலந்தது வாத்தியார். கலந்தது டானிக் பாட்டிலில். 'அழாதவனைச் சந்தேகப்படக் கூடாது என்று நினைத்ததுதான் நான் செய்த தவறு' என்று இன்ஸ்பெக்டர் சார்ஜென்ட்டிடம் சொல்லுகிறார்.

கடைசிப் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் வீட்டுக்குத் திரும்புகிறார். கதவுக்கு முன்னால் அவர் மனைவி நிற்கிறாள், பெட்டியோடு. 'முட்டையெல்லாம் தீர்ந்துபோயிற்றா?' என்று கேட்கிறாள். அத்துடன் புத்தகம் முடிகிறது.

புத்தகத்தை மூடும்போது வேதகிரி ஒன்றைக் கவனித்தான். அந்தக் கடைசி வரியைத் தமிழில் எப்படிச் சொல்வதென்று அவன் ஏற்கெனவே மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டிருந்தான். அரிசி முறத்துக்கு முன்னால் சொல்வதுபோல. பக்கத்து மேசைக்காரர் டீ சாப்பிட வருகிறாயா என்றார். வரவில்லை என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஜெயம்மாவையும் கூட்டிக்கொண்டு போனான். போன வாரத்தைவிடக் கூட்டம் அதிகம். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்துகூட வந்திருந்தார்கள். யாரோ ஏசுதாஸுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். ஜெயம்மா போய்க் குழந்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். "எலி மாதிரி கீதுடா. காலு சில்லுனு கீது. இன்னிக்கி தரலன்னா அப்பறம் தர்றதுக்கு ஒண்ணும் இருக்காது" என்று அவன் காதில் சொன்னாள். அவள் ரவிக்கை பாலில் நனைந்திருந்தது.

வேதகிரி சொல்ல ஆரம்பித்தான். வேலைக்காரியை விசாரித்ததைச் சொன்னான். டாக்டரைக் கூண்டில் ஏற்றியதைச் சொன்னான். அதை மட்டும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். "'நீங்க அந்த அம்மாவ தொட்டுப் பார்த்தீங்களா?' 'இல்ல.' 'தொடாமலே எப்படி எழுதினீங்க?' டாக்டர் பதில் சொல்லல." அதைச் சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

"அவந்தான்! புடிங்கடா அவன!" என்று செல்லாயி கிழவி எழுந்தே விட்டாள். எல்லாரும் சிரித்தார்கள்.

"மாட்னான்யா டாக்டரு" என்றார் நாட்டாமை. "அப்பால?"

அப்பால கொஞ்சம் பக்கங்களே பாக்கி இருந்தன. டாக்டர் என்று சொல்லிவிடலாம். கூட்டமே அதைத்தான் கேட்டது. ஆனால் அந்த டாக்டர் எதை வைத்துக் கொன்றான் என்று கேட்பார்கள். பாட்டில் வரும். அட்டையில் இருக்கிற பாட்டிலை எதைச் சொல்லியும் மறைக்க முடியாது. பாட்டில் வந்தால் மாசி எழுந்திருப்பான். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை ஆகும். வேதகிரி கையைப் பார்த்தான். கற்பூரம் பட்ட இடம் கறுத்துத் தோலுரிந்துகொண்டிருந்தது.

"அப்புறம் லண்டன் டாக்டரோட முடிவு வருது. வயித்துல விஷம் எதுவும் இல்லையாம். பாட்டில்ல இருந்தது வெறும் டானிக்தானாம்."

"அப்ப யாரு கொன்னது?"

"யாரும் கொல்லல. ஜுரம்."

செல்லாயி கிழவி மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தாள். பிறகு ஒருவன், "ஜுரமா?" என்றான்.

"ஜுரம்."

"அடச்சீ! இதுக்காய்யா செங்கல்லு கணக்கா பொஸ்தகம்?"

"அவன் பொயப்பத்தவன். எழுதிக்கினு கீறான்."

"ஒரு வாரமா தூக்கம் கெட்டுது எனக்கு, பேஜாரு."

மாசி மட்டும் விடவில்லை. புத்தகத்தைப் பிடுங்கி ஏசுதாஸ் மடியில் வைத்தான். "நீ படி பெரிப்பா. கடைசி பக்கத்த படி. இவன் சொல்றது மெய்தானா?"

ஏசுதாஸ் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்து உதட்டை அசைத்துக்கொண்டே போனார். விரல் ஒரு வரியிலேயே இடமும் வலமுமாகப் போய் வந்தது. வேதகிரி அந்த விரலையே பார்த்தான். அது எங்கேயும் கீழே இறங்கவில்லை. ஊரே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஃபீவரு" என்றார் ஏசுதாஸ். புத்தகத்தை மூடினார். "கரெக்டா சொல்றான்."

அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. "கொயந்தைய அப்பங்காரன் கையில குடும்மா" என்று நாட்டாமை துண்டை உதறித் தோளில் போட்டார். சிட்டம்மாள் குழந்தையை ஜெயம்மாவிடம் கொடுத்தாள். ஜெயம்மா கோயில் சுவரோரம் போய்த் திரும்பி உட்கார்ந்து மாராப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். அந்த முனகல் நின்றது. மாசி பாட்டிலை எடுத்துக் குப்பைமேட்டில் வீசினான். அது உடையவில்லை.

பஸ் நிற்கிற இடம்வரை சிட்டம்மாள் கூட வந்தாள். குழந்தையின் துணிமூட்டை அவள் கையில் இருந்தது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஜெயம்மா குழந்தையோடு முன்னால் நடந்தாள்.

"மலரு இங்க வந்து குந்திக்கினு எல்லா கதையும் சொல்லிச்சி எனக்கு. அஞ்சும்" என்றாள் சிட்டம்மாள்.

வேதகிரி நடந்தான்.

"அந்த முட்டைக்காரரு ஒரு சாவையும் காரணம் தெரியாம வுட்டதில்லயாமே."

அவன் புத்தகத்தை அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான்.

"ஒம்மேல எனக்கு ஒண்ணும் சந்தேகம் இல்ல, மாப்ளே. யாருனா ஒருத்தராவது ஒக்காந்து எம்பொண்ணு எப்பிடி செத்தான்னு கேக்க மாட்டாங்களான்னுதான் நாட்டாமைய கூப்புடச் சொன்னேன். எங்க படுக்க வச்சாங்க, யாரு பாத்தாங்க, எந்த ஊசி வரல... இதெல்லாம் நீ கண்ணால பாத்தவன். நாலு பேரு எதிர்ல வரும்னு நெனச்சேன். அந்த வெள்ளக்காரிக்காச்சும் கேட்டாங்க. அவளயும் நீ ஜுரம்னு முடிச்சிட்டே. டாக்டரு சொன்னமாதிரியே சொன்னே."

பஸ் இன்னும் வரவில்லை. ஜெயம்மா புளியமரத்து வேரில் உட்கார்ந்தாள். குழந்தை பால் ஒழுகும் வாயோடு தூங்கிப்போயிருந்தது. சிட்டம்மாள் மூட்டையை ஜெயம்மாவின் பக்கத்தில் வைத்தாள். குழந்தையின் நெற்றியில் ஒட்டியிருந்த வேப்பம்பூவை எடுத்தாள்.

"அந்த இன்ஸ்பெட்டரு பொண்டாட்டி வந்துச்சா?"

"வந்துட்டாங்க, அத்தை."

"பொட்டியோடவா?"

"பெட்டியோட."

"கொடை?"

அவனுக்கு நினைவில்லை. புத்தகத்தைத் திறந்தான். கடைசிப் பக்கத்தை முதல் வரியிலிருந்து படித்தான். கதவு இருந்தது, பெட்டி இருந்தது, முட்டை இருந்தது. முந்தின பக்கத்தைத் திருப்பி அதையும் படித்தான். சிட்டம்மாள் காத்துக்கொண்டு நின்றாள். தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது.

"குடையைப் பத்தி எழுதல, அத்தை."